இரண்டாவது ஆபரேஷனுக்கு முன்னால் நாலு கேள்வி

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிக் குழுக்களின் ஊக்குநர், பிரதிநிதிகள் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



வழக்கமாக நாம் சந்தா, உள்கடன், வங்கி இணைப்பு என்று பேசுவோம். இன்றைக்குப் பேசப்போவதும் ஒரு கடன் மனுவில் ஆரம்பித்ததுதான். ஒரு குழுவுக்கு "மருத்துவச் செலவு" என்று மனு வந்தது. விசாரித்தபோது விவரம் தெரிந்தது. அந்தச் சகோதரி சில வருஷங்களுக்கு முன்னால் எடை குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர். முதல் வருஷம் நன்றாகக் குறைந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவிட்டது. ராத்திரி படுத்தால் நெஞ்செரிச்சல். இப்போது மறுபடியும் ஆபரேஷன் செய்யலாமா என்று யோசிக்கிறார்.

குழுவில் ரெண்டு பேச்சு வந்தது. "வாயைக் கட்டாம விட்டா இப்படித்தான், இதுக்கு எதுக்குக் கடன்?" என்று சிலர். "பாவம், உடனே குடுத்திடுவோம்" என்று சிலர். ரெண்டுமே அவசரப் பேச்சு. ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் மறுப்பதும் தப்பு, ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் கத்தி வைப்பதும் தப்பு. அவருடைய சம்மதத்தோடு, பேரும் ஊரும் சொல்லாமல், இதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

இது நமக்கு எதற்கு?

"இதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம்" என்று நினைக்க வேண்டாம். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 40 பேர் எடை கூடுதலாக உள்ளவர்கள். 2015-16 கணக்கெடுப்பில் இது 31 ஆக இருந்தது. அதே 2019-21 கணக்கெடுப்பில் 100-க்கு 53 பெண்களுக்கு ரத்தசோகை. ஒரே உடம்பில் எடை கூடுதலாகவும் ரத்தம் குறைவாகவும் இருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இந்த ஆபரேஷனை அரசியல் தலைவர்கள் நிதின் கட்கரி 2011-லும் அருண் ஜெட்லி 2014-லும் செய்துகொண்டார்கள். அர்ஜென்டினா கால்பந்து வீரர் மரடோனாவை உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். 2005-ல் கொலம்பியாவில் செய்துகொண்டார். எடை மளமளவென்று இறங்கியது, பிறகு ஏறியது. 2015-ல் வெனிசுவேலாவில் மறுபடியும் வயிற்றில் ஆபரேஷன் செய்தார்கள். காசு, டாக்டர், வசதி எல்லாம் இருந்தவருக்கே இரண்டாவது தடவை தேவைப்பட்டது. ஆகவே எடை திரும்ப ஏறிய சகோதரியைக் கேலி பேசுவதை முதலில் நிறுத்துவோம்.

என்னதான் செய்கிறார்கள்?

மூன்று வகையைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போல ஒரு குழாயாக்கி விடுவார்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. இரண்டாவது பைபாஸ். மேலே சின்னப் பையாக ஒன்றைப் பிரித்து, சிறுகுடலோடு நேராக இணைப்பார்கள். சாப்பாடு குறுக்கு வழியில் போகும். மூன்றாவது வளையம். இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி சிலிக்கான் வளையம் மாட்டுவது. முன்னால் நிறையப் பேருக்குப் போட்டார்கள். பிரச்சினை வந்து பலருக்குக் கழற்றும்படி ஆனது.

இரண்டாவது ஆபரேஷன் என்றால் இவற்றில் ஒன்றைச் சரிசெய்வது, அல்லது ஒன்றை இன்னொன்றாக மாற்றுவது. அதற்கு முன்னால் நாலு கேள்வி கேட்க வேண்டும்.

கேள்வி 1: எதற்காக?

எடை ஏறியதற்காகவா, இல்லை உள்ளே ஏதாவது கோளாறா? இரண்டும் வேற வேற.

முதலில் எடை. சுவீடன் நாட்டில் 1987-ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். பைபாஸ் செய்தவர்கள் முதல் ஒன்றிரண்டு வருஷத்தில் சராசரியாக 100 கிலோவுக்கு 32 கிலோ குறைந்தார்கள். 10 வருஷம் கழித்துப் பார்த்தால் 25 கிலோ குறைவாக இருந்தார்கள். அதாவது 100-லிருந்து 68-க்கு வந்தவர் மெல்ல 75-க்குப் போகிறார். இது தோல்வி இல்லை. கொஞ்சம் ஏறுவது இயற்கை.

ஏன் ஏறுகிறது? எடை குறைந்தால் உடம்பு பஞ்சம் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். வருமானம் குறைந்த வீட்டில் நாம் செலவைச் சுருக்குகிறோமே, அதுபோல உடம்பும் செலவைச் சுருக்கும், பசியைக் கூட்டும். தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மாத்திரை, இன்சுலின், மனநோய்க்கான சில மருந்துகள் இவையும் எடையை ஏற்றும். மில்லில் நைட் ஷிப்ட் பார்த்துத் தூக்கம் கெடுவதும் சேரும்.

சாப்பாட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு பால்கோவாவைப் பேசாமல் இருக்க முடியுமா? சுருங்கின வயிற்றில் சோறும் கறியும் கொஞ்சம்தான் போகும். ஆனால் பால்கோவா, ஐஸ்கிரீம், சீனி போட்ட டீ எல்லாம் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். "நான் ஒரு கைப்பிடிதானே சாப்பிடுறேன்" என்று சொல்பவருக்கும் எடை ஏறுவது இப்படித்தான். பைபாஸ் செய்தவர் இனிப்பு சாப்பிட்டால் படபடப்பு, வேர்வை, வயிற்றுப்போக்கு வரலாம்.

அடுத்தது உள்ளே கோளாறு. ஸ்லீவ் செய்தவர்களில் பலருக்கு நெஞ்செரிச்சல், புளிப்புத் தண்ணி மேலே ஏறுவது வருகிறது. பாதை சுருங்குவது, புண், குடல் உள்ளுக்குள் மாட்டிக்கொள்வது, சத்துக் குறைந்து உடம்பு உருகுவது இவையும் உண்டு. மாத்திரைக்குக் கேட்காத நெஞ்செரிச்சலுக்கு ஸ்லீவைப் பைபாஸாக மாற்றினால் பெரும்பாலானவர்களுக்கு நிவாரணம் கிடைக்கிறது. இந்த மாதிரி காரணத்துக்குச் செய்வது, எடைக்காக மட்டும் செய்வதைவிடத் தெளிவான முடிவு.

விடாத வாந்தி, தண்ணிகூட இறங்காமல் இருப்பது, கடுமையான வயிற்றுவலி, கறுப்பாக மலம் போவது இவை இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாந்தியோடு கால் மரத்துப்போனால், நடை தள்ளாடினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால் பி1 வைட்டமின் குறைவாக இருக்கலாம். "வயிற்றில் எடை குறைக்க ஆபரேஷன் செஞ்சிருக்கேன்" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கேள்வி 2: முன்னால் செய்தது என்ன? இப்போது உள்ளே எப்படி இருக்கிறது?

மனு போட்ட சகோதரியிடம் "என்ன வகை ஆபரேஷன்?" என்று கேட்டோம். "ஓட்டை போட்டு செஞ்சாங்க" என்றார். டிஸ்சார்ஜ் சம்மரி வீட்டில் இல்லை. நம்மில் நிறையப் பேர் நிலைமை இதுதான். ரேஷன் கார்டைப் பத்திரமாக வைக்கிறோம், ஆஸ்பத்திரிக் காகிதத்தை விட்டுவிடுகிறோம்.

மருத்துவ ஆவணங்களைக் கேட்டு எழுதிக்கொடுத்தால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ல் வந்த மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறை சொல்கிறது. எழுத்தில் கேளுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். ஆபரேஷன் குறிப்பையும் சேர்த்துக் கேளுங்கள். அந்தச் சகோதரி அப்படிக் கேட்டு வாங்கினார். செய்தது ஸ்லீவ் என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு பரிசோதனை. எண்டோஸ்கோப்பி, மருந்து குடித்து எடுக்கும் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் ஸ்கேன். கூடவே ரத்தத்தில் ஹீமோகுளோபின், இரும்பு, பி12, வைட்டமின் டி, தைராய்டு, சர்க்கரை. இவை எதுவும் பார்க்காமல் "வாங்க, தேதி குறிச்சிடலாம்" என்று சொன்னால் அந்தத் தேதியை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி 3: கத்தி இல்லாமல் வழி உண்டா?

எடைதான் பிரச்சினை என்றால் முதலில் சத்துணவு ஆலோசகரைப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது இவர்களுக்கான பொது அளவு. ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. ஆகவே முட்டை, பயறு, மீன், தயிர், கொண்டைக்கடலை முதலில், சோறு பிறகு. வேகமாக விழுங்காமல் மென்று சாப்பிடணும். மாற்று மருந்து இருந்தால் எடை ஏற்றும் மாத்திரையை டாக்டர் மாற்றித் தரலாம். நீங்களாக நிறுத்தக் கூடாது.

பசியைக் குறைக்கும் ஊசி மருந்துகளும் வந்திருக்கின்றன. டிர்செபடைடு 2025 மார்ச்சிலும், எடைக்கென்றே தரும் செமாகுளுடைடு 2025 ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. இரண்டாவது ஆபரேஷனை யோசிப்பவர்களில் சிலருக்கு இது உதவுகிறது. ஊசியை நிறுத்தினால் எடை திரும்பலாம், பக்க விளைவும் உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

கேள்வி 4: செய்தால் என்ன ஆபத்து, பிறகு என்ன கவனிப்பு?

நம்ம சத்திரப்பட்டிப் பக்கம் நெய்யும் பேண்டேஜ் துணி நாடெல்லாம் போகிறது. வெளிக்காயம் ஆறுவதை நாம் பார்க்க முடியும். வயிற்றுக்குள் ஆறிய காயம் தழும்பாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதற்குள் மறுபடி கை வைப்பதால்தான் இரண்டாவது ஆபரேஷனில் கசிவு, ரத்தப்போக்கு போன்ற ஆபத்து முதலாவதைவிட அதிகம். எடை குறைவதும் பொதுவாக முதல் தடவை அளவுக்கு இருக்காது. 2024 ஏப்ரலில் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரி இளைஞர் இறந்துபோனார். அரசு விசாரணை நடத்தியது. அது முதல் ஆபரேஷன்தான். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. டாக்டரிடம் கேட்கத்தான் சொல்கிறோம்: இந்த மாதிரி மாற்று ஆபரேஷன் நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்? தீவிர சிகிச்சைப் பிரிவு இங்கேயே இருக்கிறதா? ராத்திரியில் பிரச்சினை வந்தால் யார் பார்ப்பார்கள்?

செய்த பிறகு இரும்பு, கால்சியம், பி12, வைட்டமின் டி ஆயுசு முழுக்க வேண்டும். ஏற்கெனவே ரத்தசோகை உள்ள பெண்ணுக்குச் சத்து உறிஞ்சும் பாதையையும் குறுக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். அதனால்தான் ரத்தசோகையை மனதில் வைக்கச் சொன்னோம். பைபாஸ் செய்தவர்கள் உடம்பு வலிக்கு புரூஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரை வாங்கிப் போட்டால் புண் வரலாம். குழந்தை வேண்டுபவர்கள் 12 முதல் 18 மாதம் தள்ளிப்போட வேண்டும்.

கையெழுத்து யாருடையது?

2008-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. டெல்லியில் ஒரு பெண் வயிற்றுக்குள் பார்க்கும் பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்தார். மயக்கத்தில் இருக்கும்போது அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கி கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அந்தப் பெண்ணின் சம்மதம்தான் வேண்டும், ஒன்றுக்குத் தந்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்றது நீதிமன்றம். வீட்டுக்காரர், மாமியார், மகன் எல்லோரிடமும் கலந்து பேசுங்கள். ஆனால் உடம்பு உங்களுடையது. தமிழில் விளக்கச் சொல்லுங்கள். புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். "எடை ஏறிட்டதுன்னு வீட்டில் ஏசுறாங்க" என்பது மட்டும் காரணமாக இருந்தால், சரிசெய்ய வேண்டியது வயிற்றை இல்லை.

குழு என்ன செய்ய வேண்டும்?

கடன் மனு வந்தால் அவருடைய மருத்துவ விவரத்தைக் கூட்டத்தில் அலச வேண்டாம். அவர் விரும்பும் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து பேசட்டும். பரிசோதனைக்கும் இரண்டாவது டாக்டரின் கருத்துக்கும் ஆகும் சின்னத் தொகையை முதலில் உள்கடனாகக் கொடுக்கலாம். பெரிய தொகையை அதற்குப் பிறகு பேசலாம். இரண்டாவது கருத்துக்கு 2022-ல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மதுரை ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்த ஆபரேஷனுக்கு, இந்த மருத்துவமனையில் செல்லுமா என்று முன்னதாகவே கேளுங்கள். தனியார் காப்பீட்டில் பி.எம்.ஐ. என்ற அளவு 40 இருக்க வேண்டும், அல்லது 35-ம் கூடவே கட்டுப்படாத சர்க்கரை, இதயநோய் போன்றதும் இருக்க வேண்டும் என்பது பொது நிபந்தனை. 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 40 என்றால் 90 கிலோ. நகையை அடகு வைத்தபிறகு இதைத் தெரிந்துகொள்வதில் லாபமில்லை. சந்தேகத்துக்கு 104 எண்ணில் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. கடன் கொடுத்த குழு தவணையை மட்டும் கேட்கக் கூடாது. "பி12 போட்டீங்களா? ரத்தம் பார்த்தீங்களா? முட்டை சாப்பிட்டீங்களா?" என்றும் மாதாமாதம் கேட்கணும். ஆபரேஷன் செய்தவருக்கும், வேண்டாம் என்று முடிவெடுத்தவருக்கும் அது ஒரே மாதிரி தேவை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் வீட்டில் இருக்கும் ஆஸ்பத்திரிக் காகிதங்களை ஒரு பையில் போட்டு, மேலே பேர் எழுதி வைத்துவிட்டு வாருங்கள். என்ன ஆபரேஷன், எந்த வருஷம் என்று வெளிப்பக்கமே எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதித் தரட்டும்.