நாளைக்கும் படை வேண்டும்



எட்டடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள ஒரு மேசையை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். மேலே பச்சைத் துணி விரித்திருக்கிறது. துணிக்கடியில் புத்தகங்களை அடுக்கி மேடு உண்டாக்கியிருக்கிறார்கள். சாயம் தோய்த்த பஞ்சுத் துண்டுகள்தான் மரங்கள். ஒரு பக்கம் நீலச் சட்டை அணிந்த பிரெஞ்சுப் படை. எதிரே சிவப்புச் சட்டை அணிந்த ஆங்கிலப் படை. ஒவ்வொரு வீரனும் உங்கள் சுண்டுவிரலின் ஒரு கணு உயரம்கூட இருக்கமாட்டான்.

நெப்போலியன் காலத்துப் போர்களைப் பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடிப்பார்க்கும் பொழுதுபோக்கு இது. இங்கிலாந்தில் 1960-களிலிருந்து நன்றாக வேரூன்றி, இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. பெரியவர்கள் பொம்மை வைத்து விளையாடுவதா என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் ஒதுக்கமாட்டேன். ஒரு தளபதிக்கு எது தெரிந்திருந்தது, எது தெரியாமல் இருந்தது என்பதை இந்த ஆட்டத்தைப்போல உணர்த்தும் வேறொன்றை நான் பார்த்ததில்லை. அதுவும் ஒரே ஒரு சண்டையை ஆடும்போது கிடைக்காது. பல நாள் நடந்த ஒரு படையெடுப்பு முழுவதையும் போர்த்தொடராக ஆடும்போதுதான் கிடைக்கும்.

முதலில் மேசையில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். பொம்மைகள் ஈயக்கலவையிலோ பிளாஸ்டிக்கிலோ வார்க்கப்பட்டவை. 6 மில்லிமீட்டர் உயரத்திலும் உண்டு, 28 மில்லிமீட்டர் உயரத்திலும் உண்டு. வாங்கியவரே தூரிகை பிடித்து வண்ணம் தீட்டுவார். எந்தப் படையணிக்குக் கழுத்துப்பட்டை மஞ்சள், எதற்குப் பச்சை என்று தேடிப் பார்த்துத் தீட்டுவார். உண்மையில் இருந்த அத்தனை பேரையும் மேசையில் நிறுத்த முடியாது. ஆகவே ஒரு பொம்மை இருபது பேருக்குச் சமம் என்பதுபோல ஒரு கணக்கு வைத்துக்கொள்வார்கள். 1815-இல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ களத்தில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனிடம் இருந்தவர்கள் ஏறக்குறைய 68,000 பேர். இந்தக் கணக்கில் அவர் படைக்கு மட்டுமே 3,400 பொம்மைகள் வேண்டும். வண்ணம் தீட்டியே ஆண்டுகள் போய்விடும்.

இருவரும் மாறி மாறி ஆடுவார்கள். அளவுகோலை வைத்து அளந்து படையை நகர்த்துவார்கள். சுட்ட குண்டு பட்டதா, அணி கலைந்ததா என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிப்பார்கள். கேட்பதற்கு எளிதாக இருக்கும். ஆனால் அந்தக் காலத்துப் போர்முறை தெரியாதவர் சீக்கிரமே தோற்பார். காலாட்படை அகலமான வரிசையாக நின்றால் எல்லாத் துப்பாக்கியும் ஒரே நேரத்தில் சுடலாம். ஆனால் அந்த வரிசை குலையாமல் வயலையும் வேலியையும் கடப்பது கடினம். நெருக்கமான பத்தியாக நடந்தால் வேகமாகப் போகலாம். ஆனால் முன்னால் இருப்பவர்கள் மட்டுமே சுட முடியும், ஒரு பீரங்கிக் குண்டு பத்தியின் தலையிலிருந்து வால்வரை துளைத்துக்கொண்டு போய்விடும். குதிரைப்படை பாய்ந்து வந்தால் சதுரமாக நிற்க வேண்டும். நான்கு பக்கமும் துப்பாக்கி முனைக்கத்திகள் நீட்டிக்கொண்டிருக்க, குதிரை அதில் வந்து மோதாது. ஆனால் அப்படி நெருங்கி நிற்கும் கூட்டத்தைப் பீரங்கி கண்டுவிட்டால் தீர்ந்தது. வாட்டர்லூவில் மாலையில் பிரெஞ்சு மார்ஷல் நே ஏவிய குதிரைப்படை அலை அலையாக வந்தும் வெலிங்டனின் சதுரங்கள் உடையவில்லை. காலாளையும் பீரங்கியையும் தக்க நேரத்தில் கூடக் கொண்டுவந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று. குதிரைகள் மூன்று சாண் தூரத்தில் நிற்கும்போது, இப்போதே சதுரமாக்கவா, இன்னும் ஒரு முறை சுட்டுவிட்டு ஆக்கவா என்று உள்ளங்கை வியர்க்க யோசிப்பது இன்னொன்று.

வெலிங்டன் என்றதும் பலருக்கு நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்து ஊர் நினைவு வந்திருக்கும். அந்த ஊருக்குப் பெயர் கொடுத்தவர் இவரேதான். 1799-இல் திப்பு சுல்தானை எதிர்த்து ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட படையில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லிதான் பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனார்.

சரி, மேசைக்கு வருவோம். இப்படி ஆடும் தனிச் சண்டையில் இரண்டு பெரிய குறைகள் உண்டு. மேசைமேல் இருப்பது அத்தனையும் இருவர் கண்ணுக்கும் தெரிகிறது. சதுரங்கப் பலகையைப்போல எதுவும் மறைவில்லை. இரண்டாவது குறை இதைவிடப் பெரிது. ஆட்டம் முடிந்ததும் எல்லாப் பொம்மைகளும் பெட்டிக்குப் போய்விடும். ஆகவே கடைசி வீரன்வரை சாகக்கொடுத்து ஒரு மேட்டைப் பிடிக்கலாம். நாளை என்று ஒன்று இல்லாத தளபதி எதையும் செய்வான். உண்மையான தளபதி யாருக்கும் அந்த வசதி இருந்ததில்லை.

இந்தக் குறைகளில் முதலாவதற்கு மருந்து கண்டவர்கள் அன்றைய ஜெர்மானிய நாடான பிரஷ்யாவினர். ரைஸ்விட்ஸ் என்ற அரசு அலுவலர் 1812-இல் பிரஷ்ய மன்னருக்கு ஒரு போர்விளையாட்டு மேசையைச் செய்து கொடுத்தார். படை அதிகாரியான அவருடைய மகன் அதைத் திருத்தி 1824-இல் விதிநூலாக வெளியிட்டார். மேசைக்குப் பதிலாக எட்டாயிரத்தில் ஒன்று என்ற அளவில் வரைந்த நிலப்படம். பொம்மைகளுக்குப் பதிலாகச் சிறு கட்டைகள். எல்லாவற்றையும்விட முக்கியம், நடுவர் ஒருவர். ஆடுகிறவர்கள் கட்டளையை எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள். குதிரை வீரன் அதைக் கொண்டுபோக எவ்வளவு நேரமாகும் என்று நடுவர் கணக்கிடுவார். எதிரியின் கட்டை உங்கள் கண்ணுக்கு எட்டும் தொலைவுக்கு வந்தால்தான் படத்தில் வைப்பார். பிரஷ்யப் படையின் பொதுப் பணியகத் தலைவராக இருந்த ம்யூஃப்லிங் இதைப் பார்த்துவிட்டுப் படை முழுவதற்கும் பரிந்துரைத்தார். அவர் பரிந்துரைத்ததில் பொருள் இருக்கிறது. 1815-இல் வெலிங்டனின் முகாமில் பிரஷ்யப் படையின் தொடர்பு அதிகாரியாக இருந்தவர் அவர். செய்தி தாமதமானால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்.

அந்த 1815-ஆம் ஆண்டுப் படையெடுப்பையே எடுத்துக்கொள்வோம். போர்த்தொடர் ஆடுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பது என் எண்ணம். ஜூன் 15-ஆம் தேதி நெப்போலியன் ஷார்லெருவா நகரில் சாம்பர் ஆற்றைக் கடக்கிறார். 18-ஆம் தேதி இரவு எல்லாம் முடிந்துவிடுகிறது. நான்கே நாள். ஒரு பக்கம் வெலிங்டன், இன்னொரு பக்கம் பிரஷ்யத் தளபதி ப்ளூகர். இருவரும் சேர்ந்துவிட்டால் நெப்போலியன் தொலைந்தார். சேருவதற்கு முன் தனித்தனியாக அடிக்க வேண்டும்.

நெப்போலியன் இடத்தில் நீங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முன்னால் ஒரு நிலப்படம் மட்டும் இருக்கிறது. வெலிங்டனாக ஆடுகிறவர் அடுத்த அறையில். ப்ளூகராக ஆடுகிறவர் இன்னோர் அறையில். அவர்கள் இருவரும்கூட ஒருவரோடொருவர் பேசக் கூடாது, கடிதம்தான். நே உங்கள் பக்கத்து ஆள். ஆனால் அவரும் வேறு இடத்தில் இருக்கிறார். காலையில் அவருக்கு எழுதிய கட்டளை பகலில்தான் அவர் கைக்குப் போகும். அதற்குள் அவர் வேறு ஏதாவது தொடங்கியிருப்பார்.

ஜூன் 16 அன்று உண்மையில் நடந்ததைக் கேளுங்கள். லிக்னி என்ற ஊரில் நெப்போலியன் ப்ளூகரோடு மோதுகிறார். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் காத்ர் ப்ரா நாற்சந்தியில் நே வெலிங்டனோடு மோதுகிறார். எர்லான் என்ற தளபதியிடம் 20,000 பேர் கொண்ட படைப்பிரிவு. அது நே இருக்கும் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. வழியில் ஓர் அதிகாரி வந்து, பேரரசர் அழைக்கிறார், லிக்னிக்குத் திரும்புங்கள் என்கிறார். திரும்பினார்கள். ஆனால் எதிர்பாராத திசையிலிருந்து வந்ததால் நெப்போலியனின் ஆட்களே எதிரி என்று எண்ணிக் கலங்கினார்கள். அவர் இறுதித் தாக்குதலையே நிறுத்திவைத்து, யார் வருவது என்று பார்த்துவர ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. அதற்குள் நே கொதித்துப்போய், உடனே என்னிடம் வா என்று எர்லானுக்குக் கட்டளை அனுப்பினார். ஒரு பகுதியை விட்டுவிட்டு எர்லான் மறுபடியும் திரும்பினார். காத்ர் ப்ராவுக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. இரண்டு போர்களுக்கு நடுவில் ஒரு பெரும்படை நடந்து நடந்தே பொழுதைக் கழித்தது. அவர்கள் இரண்டில் ஒரு களத்தில் முழுமையாக இறங்கியிருந்தாலும் வாட்டர்லூ என்ற பெயரே நமக்குத் தெரியாமல் போயிருக்கலாம்.

புத்தகத்தில் படிக்கும்போது, இவ்வளவு முட்டாள்தனமா என்று தோன்றும். போர்த்தொடரை ஒரு முறை ஆடிவிட்டால் அப்படிச் சொல்ல வாய் வராது. ஏனென்றால் அதே குழப்பம் உங்களுக்கும் நடக்கும். இரண்டு கட்டளைகளை எழுதுவீர்கள். பிந்தியது முந்திப் போய்ச் சேரும். வலப்பக்கச் சாலை என்று எழுதியிருப்பீர்கள். படிக்கிறவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பதை யோசித்திருக்கமாட்டீர்கள். கட்டளையைத் தெளிவாக எழுதுவது எவ்வளவு அரிய திறமை என்பது அப்போதுதான் உறைக்கும். நெப்போலியனுக்குப் பல ஆண்டுகள் அந்த வேலையைப் பிசகாமல் செய்துகொடுத்த பெர்தியே, அந்த ஜூன் முதல் தேதியன்று பாம்பெர்க் நகரில் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்துவிட்டார். அவர் இடத்துக்கு வந்த சூல்ட் சிறந்த படைத்தலைவர். ஆனால் எழுத்துவேலையில் பெர்தியேக்கு ஈடாகவில்லை. பிரஷ்யர்களிடமும் இதே தொல்லை. ப்ளூகரின் பணியகத் தலைவர் க்னைசெனாவ், தன்னைவிடப் பதவியில் மூத்தவரான படைப்பிரிவுத் தளபதி பூலோவுக்குப் படையோடு வரும்படி எழுதினார். மூத்தவர் ஆயிற்றே என்று கடிதத்தை மிகவும் பணிவாக எழுதிவிட்டார். அவசரமில்லை போலிருக்கிறது, நாளைக்குப் புறப்படலாம் என்று பூலோ நினைத்துவிட்டார். லிக்னியில் ப்ளூகருக்கு ஒரு படைப்பிரிவு குறைந்தது. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

போர்த்தொடர் தரும் இன்னொரு பாடம் சேதம் பற்றியது. இன்றைய சண்டையில் எடுத்து வைத்த பொம்மைகள் நாளைய சண்டைக்கு வராது. வென்றாலும் வராது. இதை உணர்ந்த நாளிலிருந்து ஆடுகிறவரின் போக்கே மாறிவிடும். தோற்கிற சண்டையை இருட்டும்வரை இழுக்காமல் நேரத்தோடு பின்வாங்குவார். ஒரு பட்டாலியனைப் பலிகொடுத்து மற்றவற்றைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் மனம் கனத்துப்போகும். லிக்னியில் 72 வயது ப்ளூகர் குதிரையோடு விழுந்து நசுங்கிக் கிடந்தபோது, தோற்ற படையை க்னைசெனாவ் உடையாமல் வாவ்ர் பக்கம் திருப்பியதால்தான் இரண்டு நாள் கழித்து பிரஷ்யர்களால் வாட்டர்லூவுக்கு வர முடிந்தது. அந்தப் பின்வாங்கலின் அருமை தனிச் சண்டை ஆடுகிறவருக்குத் தெரியவே தெரியாது.

சண்டை இல்லாமலும் படை கரையும். நெப்போலியன் 1812-இல் ரஷ்யாமீது நடத்திய படையெடுப்பை மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1869-இல் ஒரே படமாக வரைந்தார். அவர் தரும் கணக்கில் எல்லையைக் கடந்தவர்கள் 4,22,000 பேர், மாஸ்கோவை அடைந்தவர்கள் 1,00,000, மீண்டவர்கள் 10,000. குளிர் வருவதற்கு முன்பே, போகிற வழியிலேயே, பெரும்பகுதி போய்விட்டது. பசி, காய்ச்சல், வெயில், ஓடிப்போனவர்கள், காவலுக்கு விட்டுச்சென்றவர்கள். நல்ல விதிகள் உள்ள போர்த்தொடரில் ஒவ்வொரு நாளும் நடந்ததற்கே ஆள் குறையும். வேகமாக நடத்தினால் இன்னும் குறையும்.

நிலப்படத்தில் இருப்பவர்களை எப்படி மறைத்து வைப்பது? டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் என்ற ஆங்கில எழுத்தாளர் பரப்பிய முறை எனக்கு மிகவும் பிடித்தது. காலித் தீப்பெட்டிகளை ஒட்டிச் சிறு இழுப்பறைகளாக அடுக்கிவிட வேண்டும். படத்தில் எத்தனை கட்டமோ அத்தனை தீப்பெட்டி. உங்கள் படை எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அந்தப் பெட்டிக்குள் ஒரு சீட்டு. இருவர் சீட்டும் ஒரே பெட்டியில் விழுந்தால் மேசையைத் துடைத்துப் பொம்மைகளை எடுக்கலாம், போர் வந்துவிட்டது.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சிறிதாகத் தொடங்குங்கள். ஐரோப்பா முழுவதையும் படம் போட்டுத் தொடங்கிய பல போர்த்தொடர்கள் பாதியில் நின்றுபோகின்றன. பத்துப் பேருக்கு எதிரே முப்பது பேர் வந்தால் அது நல்ல போர்த்திறம். ஆனால் அதை மேசையில் ஆட யாருக்கும் ஆசை வராது. அந்த மாதிரிச் சண்டைகளை நடுவரே பகடை போட்டு முடித்துவிடுவது நல்லது. பொறுமையும் நேர்மையும் உள்ள நடுவர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எல்லாம் தெரிந்த ஒருவர் உண்மையான களத்தில் இருந்ததே இல்லை. வில்லியம் சைபோர்ன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி இதை நன்றாக அறிந்தவர். 1830-இல் வாட்டர்லூ களத்தைப் பொம்மைகளால் அமைக்கும் பணி அவரிடம் வந்தது. களத்திலேயே எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். மாலை ஏழு மணி அளவில் நீங்கள் எங்கே நின்றீர்கள், என்ன கண்டீர்கள் என்று உயிரோடிருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். வந்த பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. புகை, இரைச்சல், உயரமான பயிர். தன் படையணிக்கு அப்பால் எவருக்கும் தெரிந்தது கொஞ்சம். பிரஷ்யப் பொம்மைகளை எங்கே, எத்தனை நிறுத்துவது என்பதில் வெலிங்டனுக்கே மனத்தாங்கல் வந்தது. வெற்றியில் பிரஷ்யர் பங்கு எவ்வளவு என்ற கேள்வியல்லவா அது! அரசு பணத்தை நிறுத்தியது, சைபோர்ன் கடனில் மூழ்கினார், கடைசியில் பல்லாயிரம் பிரஷ்யப் பொம்மைகளை எடுத்துவிட்டார். அந்தப் பொம்மைக் களம் இன்றும் லண்டனில் தேசியப் படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கிறவர்கள் அவர் பட்ட பாட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

போர்த்தொடர் முடிந்த பிறகு நடுவர் தன் கோப்பைத் திறப்பார். அதுவரை யாரும் பார்க்காத எல்லாக் கடிதங்களும் அதில் நாள்வாரியாக, மணிவாரியாக இருக்கும். எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து படிப்பார்கள். இரண்டாம் நாள் இரவு நீங்கள் பயந்து பாலத்தை உடைத்தீர்களே, அப்போது எதிரி எட்டு மைலுக்கு அப்பால் தூங்கிக்கொண்டிருந்தார் என்று தெரியவரும். எதிரியும் அன்று உங்களுக்குப் பயந்து காவலை இரட்டிப்பாக்கியிருப்பார். தலையில் அடித்துக்கொள்வார்கள், சிரிப்பார்கள், ஏன் அப்படி எழுதினாய் என்று சண்டை பிடிப்பார்கள். இரவு வெகுநேரம் ஆகிவிடும். அதற்குள் யாராவது ஒருவர் 1809-ஆம் ஆண்டின் டான்யூப் ஆற்றங்கரைப் படத்தை விரித்து, ஆஸ்திரியர்களை இந்த முறை யார் நடத்துவது என்று கேட்டிருப்பார்.