அக்கியும் சின்னம்மையும்

(கிராமச் சுகாதாரக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விலாவிலோ இடுப்பிலோ எரிச்சலுடன் கொப்புளங்கள் வரிசையாக எழுந்தால் அதை நாம் அக்கி என்கிறோம். உடனே வேளார் வீட்டிற்குச் சென்று, செங்காவியைக் குழைத்து அக்கி எழுதிக்கொள்வது நம் ஊர்களில் நெடுநாளைய வழக்கம். குழந்தையின் உடலெங்கும் நீர்க்கொப்புளம் கண்டாலோ, அம்மை வார்த்திருக்கிறது என்று வாசலில் வேப்பிலை செருகுகிறோம். இவை இரண்டும் தொடர்பற்ற நோய்கள் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். உண்மையில் சின்னம்மைக்கும் அக்கிக்கும் காரணம் ஒரே கிருமிதான்.

இக்கிருமி ஹெர்ப்பிஸ் என்னும் வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. ஊர்ந்து செல்லுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. காய்ச்சலை அடுத்துச் சிலருக்கு உதட்டோரத்தில் தோன்றும் கொப்புளமும் இக்குடும்பத்துக் கிருமி ஒன்றின் வேலையே. ஒருமுறை உடலினுள் புகுந்தால் பின் ஒருபோதும் முற்றிலும் வெளியேறாமல் ஒளிந்திருப்பது இக்குடும்பம் முழுவதற்கும் உரிய குணம்.

சின்னம்மை இறங்கியபின் கிருமி அழிந்துவிடுவதில்லை. நரம்புகளின் வழியே சென்று, முதுகெலும்பை ஒட்டியும் தலையிலும் உள்ள நரம்பு முடிச்சுகளில் உறங்குகிறது. இருபது ஆண்டுகளோ ஐம்பது ஆண்டுகளோ கழித்து, முதுமையாலும் வேறு நோய்களாலும் உடலின் எதிர்ப்புச் சக்தி குன்றும்போது விழித்தெழுந்து, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. ஆகையினால்தான் அக்கி பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டை போலப் படர்கிறது. அது இடுப்பைச் சுற்றி வந்து இரு முனைகளும் கூடினால் உயிர் போய்விடும் என்று அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சத்திற்கு ஆதாரமில்லை.

இந்த உண்மையை நிலைநாட்டியவர்களுள் ஒருவர் நம்மைப் போல் நாட்டுப்புறத்தில் பணியாற்றியவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்னும் சிற்றூரின் மருத்துவரான ஹோப்-சிம்ப்சன், தம்மிடம் வந்த அக்கி நோயாளரைப் பதினாறு ஆண்டுகள் பொறுமையாகக் குறித்து வந்தார். அவ்வாறு திரட்டிய 192 பேரின் விவரங்களைக் கொண்டு, அக்கி என்பது பழைய சின்னம்மைக் கிருமியின் மறுவிழிப்பே என்ற கருத்தை 1965ஆம் ஆண்டில் வெளியிட்டார். கருத்தூன்றிப் பார்க்கும் கண்ணும் ஒரு குறிப்பேடும் இருந்தால் கிராமத்திலிருந்தும் அறிவியல் வளரும் என்பதற்கு இது சான்று.

இனி நாம் செய்ய வேண்டியவற்றைக் கூறுவோம்.

அக்கி கண்டவர் எழுபத்திரண்டு மணி நேரத்திற்குள் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அசைக்ளோவிர் போன்ற மாத்திரைகள் அக்காலத்திற்குள் தொடங்கினால்தான் நன்கு பயன்படும். காவி குளிர்ச்சி தரலாம்; ஆனால் நரம்பினுள் இருக்கும் கிருமியை அது தொடாது. உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கவும் கூடும். வேளாரிடம் வருவோரை முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புமாறு அவரையே வேண்டிக்கொள்வோமானால், அவருடைய நல்லெண்ணமும் வீண்போகாது. காலந்தாழ்த்தினால் கொப்புளம் ஆறிய பின்னும் அவ்விடத்தில் மாதக்கணக்கில் வலி நிலைக்கக்கூடும். இவ்வலி முதியோரையே மிகுதியும் வாட்டுகிறது. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி தோன்றினால் கண்ணுக்கு ஆபத்து நெருங்கிவிட்டதென்று கொள்க. அன்றே கண் மருத்துவரைக் காண வேண்டும். மூன்று நாள் அக்கி எழுதிப் பார்ப்போம் என்று காத்திருந்தால் பார்வையே பறிபோகலாம்.

மற்றொன்றையும் தாய்மார்கள் நினைவிற்கொள்ள வேண்டும். தாத்தாவின் முதுகிலுள்ள அக்கிக் கொப்புளத்தின் நீர் பட்டால், முன்னர் அம்மை காணாத பேரக்குழந்தைக்குச் சின்னம்மை வரும். எனவே கொப்புளங்களைத் தூய துணியால் மூடிவைக்க வேண்டும். அவை பொருக்குத் தட்டும்வரை, கைக்குழந்தைகளையும் அம்மை காணாத கர்ப்பிணிகளையும் நெருங்க விடலாகாது. அத்தகைய கர்ப்பிணி எவரேனும் நோயாளியுடன் பழக நேர்ந்திருந்தால், கொப்புளம் காணும்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் கூற வேண்டும்.

சின்னம்மை, தொற்றிய பத்து முதல் இருபத்தொரு நாட்களுக்குள் வெளிப்படும். கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னரே பிறருக்கும் பரவத் தொடங்கிவிடும். நோயாளியைத் தனியே வைக்கும் நம் முன்னோர் வழக்கம் நன்மையானதே, அதைத் தொடர்வோம். ஆனால் அம்மை கண்ட வீட்டில் மருந்து கூடாது என்பதை விட்டுவிடுவோம். நகங்களை வெட்டி, தூய நீரால் உடலைத் துடைத்து, பட்டினி போடாமல் உணவும் நீரும் தரவேண்டும். குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. அது மூளையையும் ஈரலையும் தாக்கும் கொடிய நோய்க்கு வழிவகுக்கக் கூடும். மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, மயக்கம் ஆகியவை கண்டால் பொழுது விடியட்டும் என்று இராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. பெரியவர்களுக்குக் காணும் சின்னம்மை குழந்தைகளுக்குக் காண்பதைவிடக் கடுமையானது.

தடுப்பூசியும் உண்டு. ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தக்காஹாஷி தம் மகன் சின்னம்மையால் பட்ட துன்பத்தைக் கண்டு ஆராய்ச்சியில் இறங்கி, 1974ஆம் ஆண்டில் அதனை உருவாக்கினார். முதியோரை அக்கியினின்று காக்கும் தடுப்பூசியும் இன்று இருக்கிறது. தமக்கு ஏற்றது எது என்பதை மருத்துவரிடம் கேட்டறிதல் நலம்.

பெரியம்மை என்னும் கொடிய நோய் 1975ஆம் ஆண்டோடு நம் நாட்டை விட்டு நீங்கியது. அதனை விரட்டியதில் தடுப்பூசிக்கு எத்துணைப் பங்கு உண்டோ, அத்துணைப் பங்கு நோய் கண்டதை மறைக்காமல் உடனே தெரிவித்த கிராம மக்களுக்கும் உண்டு. அதே பழக்கத்தை அக்கியிலும் சின்னம்மையிலும் மேற்கொள்வோம். வேப்பிலை வாசலில் இருக்கட்டும். கிராமச் சுகாதார செவிலியருக்கும் அன்றே சொல்லியனுப்புவோம்.