'ஷுகர் ஃப்ரீ' இனிப்பும் சிறுத்துப்போன இரைப்பையும்

(மும்பைக் கிளையின் மகளிர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாக வேலை பார்ப்பவள். உடல் எடையைக் குறைக்க பேரியாட்ரிக் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இப்போது நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். பலர் வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். அவர்களுக்காகவும், அவர்களை விருந்துக்குக் கூப்பிடும் நமக்காகவும் ஒரு விஷயம் சொல்ல வந்திருக்கிறேன். 'ஷுகர் ஃப்ரீ', 'லோ கார்ப்' என்று விற்கும் இனிப்புகளில் சேரும் ஒரு பொருளைப் பற்றியது.

அதற்கு 'ஷுகர் ஆல்கஹால்' என்று பெயர். யாரும் பதற வேண்டாம். இதில் சாராயமும் இல்லை, போதையும் இல்லை. ஆசாரத்துக்கு பங்கம் வராது. ரசாயன அமைப்பை வைத்து வந்த பெயர் அது. மால்டிடால், சார்பிடால், ஐசோமால்ட், ஜைலிடால், எரித்ரிடால் எல்லாம் இந்த இனம்தான். லேபிளில் சில சமயம் எண் மட்டும் போட்டிருப்பார்கள். சார்பிடால் 420, ஐசோமால்ட் 953, மால்டிடால் 965, ஜைலிடால் 967, எரித்ரிடால் 968.

இவற்றில் பெரும்பாலானவை சிறுகுடலில் முழுவதும் கிரகிக்கப்படுவதில்லை. மிஞ்சியது தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கின்றன. தோசை மாவு பொங்குகிற மாதிரி வயிறு பொங்கும். வாயு, வலி, வயிற்றுப்போக்கு வரும். எரித்ரிடால் மட்டும் பெரும்பாலும் ரத்தத்தில் கலந்து சிறுநீரில் போய்விடுவதால் வயிற்றுத் தொல்லை குறைவு.

ஆபரேஷன் ஆனவர்களுக்கு இது ஏன் அதிகம்? 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையில் சுமார் முக்கால் பங்கை எடுத்துவிடுகிறார்கள். 'பைபாஸ்' முறையில் ஒரு சின்னப் பையை மட்டும் வைத்து, அதை நேரே சிறுகுடலோடு இணைக்கிறார்கள். சாப்பிட்டது வேகமாகக் குடலுக்குள் இறங்கும். நிறைய சர்க்கரை அப்படி இறங்கினால் அரைமணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். இதை 'டம்பிங்' என்பார்கள். அதனால்தான் டாக்டர்கள் சர்க்கரையைத் தொடாதே என்கிறார்கள். உடனே நம்மவர்கள் 'ஷுகர் ஃப்ரீ' டப்பாவைத் தேடுகிறார்கள்.

பைபாஸ் முடிந்து நாலு மாதமான ஒரு அம்மாள் நவராத்திரி சமயத்தில் என்னிடம் வந்தார். தினமும் சாயங்காலம் வயிற்றைப் பிசைகிறது, நாலைந்து தடவை போகிறது. "உள்ளே தையல் விட்டுப்போயிடுத்தோ?" என்று கண்ணில் ஜலத்தோடு கேட்டார். சர்ஜன் பரிசோதித்து, ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை என்றார். நான் சாப்பிட்டதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னேன். மதினி அன்போடு அனுப்பிய ஷுகர் ஃப்ரீ காஜு கத்லியில் தினம் மூன்று துண்டு. டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால், முந்திரிக்கு அடுத்தபடியாக மால்டிடால். நிறுத்திய இரண்டாம் நாளே வயிறு சரியாகிவிட்டது. ஆனால் நீங்களாகவே இப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். ஜுரம், விடாத வலி, வேகமான நாடித்துடிப்பு இருந்தால் முதலில் சர்ஜனிடம்தான் போக வேண்டும்.

அடுத்தது கணக்கு. சர்க்கரை ஒரு கிராமுக்கு 4 கலோரி. மால்டிடால் சுமார் 2.1. பாதி குறைந்தது, பூஜ்யம் ஆகவில்லை. நெய் கிராமுக்கு 9 கலோரி. மைசூர்பாகு 'ஷுகர் ஃப்ரீ' ஆனதால் நெய் 'கலோரி ஃப்ரீ' ஆகிவிடாது! 'நெட் கார்ப் 4 கிராம்' என்று போட்டிருந்தால், மொத்த கார்போஹைட்ரேட் 20 கிராமில் மால்டிடால் 16 கிராமை முழுவதுமாகக் கழித்திருப்பார்கள். மால்டிடால் ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும். ஆகவே பாதியை மட்டும் கழித்து, 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். டயபடீஸ் உள்ளவர்களுக்கு இது முக்கியம்.

சரி, எரித்ரிடால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். அதன் அளவு ரத்தத்தில் அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் அதிகம் காணப்பட்டதாக 2023-ல் ஒரு ஆய்வு வந்தது. 2024-ல் ஜைலிடால் பற்றியும் அப்படியே வந்தது. இதுதான் காரணம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் தினசரிப் பழக்கமாக்க வேண்டாம் என்பது என் யோசனை.

இன்னொன்றை மறக்காதீர்கள். பைபாஸ் ஆன சிலருக்கு, சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். அப்போது ஷுகர் ஃப்ரீ மிட்டாய் உதவாது. அந்த நேரத்தில் க்ளூக்கோஸ்தான் மருந்து. கைப்பையில் எது இருக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, விருந்து வைக்கும் நமக்கு ஒரு வேண்டுகோள். "ஷுகர் ஃப்ரீதானே, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோ" என்று வற்புறுத்தாதீர்கள். அந்தச் சின்ன வயிற்றில் தினம் 60 கிராம் புரதமாவது போயாக வேண்டும். ஒரு துண்டு கத்லி உட்கார்ந்தால் புரதத்துக்கு இடம் இல்லை. தலைமுடி கொட்டுவதும் அசதியும் பின்னாலேயே வரும். சுண்டல், பனீர், கெட்டித் தயிர் இரண்டு ஸ்பூன் வையுங்கள். போதும் என்று கை காட்டினால், அதோடு விட்டுவிடுங்கள். உபசாரத்தில் அதுவும் சேர்த்திதான்.