மரம் பிளக்கும் பொறி நின்றால்

கோடரியால் விறகு பிளப்பவனுக்குக் கருவி பழுதுபட்டால் காரணம் தேட வேண்டியதில்லை. பிடி முறிந்திருக்கும், அல்லது வாய் மழுங்கியிருக்கும். இரண்டும் கண்ணுக்குத் தெரிவன. எண்ணெயின் அழுத்தத்தைக் கொண்டு மரம் பிளக்கும் பொறியோ அத்தகையதன்று. அதன் வலிமை முழுவதும் இரும்புக்குள்ளும் றப்பர்க் குழாய்களுக்குள்ளும் மறைந்து கிடக்கிறது. நேற்று மாலை வரை பருத்த கட்டைகளைப் பிளந்து தள்ளிய பொறி, இன்று எஞ்சின் குறைவின்றி ஓடிக்கொண்டிருக்கவும், தண்டு ஓர் அங்குலமேனும் நகராமல் நின்றுவிடக்கூடும். அப்பொழுது குற்றம் எங்கே என்பதைப் பார்த்த மாத்திரத்தில் அறிய முடியாது; ஆராய்ந்தே அறிய வேண்டும்.

இப்பொறி மிகுதியாக வழங்கும் இடங்கள் குளிர்நாடுகளே. ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள மேய்ன், வெர்மொன்ட் மாநிலங்களிலும் கனடாவின் நாட்டுப்புறங்களிலும் மாரிகாலத்தில் விறகடுப்பினால் வீட்டைச் சூடேற்றுவோர் பலர். வசந்தத்தில் பிளந்து அடுக்கிய விறகுதான் கோடை முழுவதும் காய்ந்து, பனி விழும்போது எரிவதற்குப் பக்குவமாகும். பிளக்காத கட்டையோ பட்டைக்குள்ளே தன் ஈரத்தை அடக்கி வைத்திருக்கும். ஈர விறகு சூட்டிலும் பார்க்கப் புகையையே மிகுதியாகத் தரும். அந்தப் புகை கீலாகப் புகைபோக்கியின் உட்சுவரிற் படியும். ஒருநாள் அதுவே தீப்பற்றி வீட்டையும் எரித்துவிடக்கூடும். ஆகவே வசந்தத்தில் பொறி நின்றுபோவது சிறிய காரியமன்று. நமது மலைநாட்டிலும் தேயிலைத் தொழிற்சாலைகள் கொழுந்தைக் காயவைக்கும் வெப்பத்துக்கு விறகை எரிக்கின்றன. ஈரக் கட்டை அங்கேயும் வெப்பத்தை வீணாக்கும் பொருளே.

பொறியின் தத்துவம் பழையது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கங்களுக்கும் குறையாமற் பரவும் என்பதைப் பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் விளக்கினார். அதனைப் பயன்படுத்தி யோசேப் பிராமா என்பவர் 1795ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நீரழுத்தப் பொறிக்கு ஆக்கவுரிமை பெற்றார். இன்றைய மரம் பிளக்கும் பொறி அதன் வழித்தோன்றலே. எஞ்சின் பம்பியைச் சுழற்றுகிறது. பம்பி தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி, கைப்பிடி வால்வின் வழியாக உருளைக்குள் செலுத்துகிறது. உருளையினுள் இருக்கும் பிஸ்டன் தள்ளப்பட, அதனோடு சேர்ந்த தண்டு கட்டையை ஆப்பின்மேல் அழுத்துகிறது. உருளையின் உள்விட்டம் 4 அங்குலமாகவும் எண்ணெயின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2500 இறாத்தலாகவும் இருப்பின், தண்டின் விசை ஏறக்குறைய 14 தொன் ஆகும்.

இத்தகைய பொறி நின்றுவிட்டதும் பலர் செய்வது என்ன? புதிய பம்பி ஒன்றுக்குப் பணம் அனுப்புவார்கள். அல்லது உருளையைக் கழற்றித் தரையிற் பரப்பிவிடுவார்கள். இரண்டும் அவசரம். முதலிற் செய்ய வேண்டியது செவியைக் கொடுத்துக் கேட்பதே. எஞ்சினை ஓடவிட்டுக் கைப்பிடியை முன்னே தள்ளும்போது அதன் ஒலி மாறுகிறதா என்று கவனிக்க வேண்டும். ஒலி கனத்து எஞ்சின் திணறுமானால், பம்பி வேலை செய்கிறது, அழுத்தமும் உண்டாகிறது. தண்டு எங்கேனும் இறுகியிருக்கலாம். அல்லது எண்ணெயின் வழி அடைபட்டிருக்கலாம். ஒலி சிறிதும் மாறாது, சுமையில்லாத வண்டி போல எஞ்சின் இலேசாக ஓடுமானால், எண்ணெயில் அழுத்தமே பிறக்கவில்லை என்பது தெளிவு. இந்த ஒரு சோதனை, தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

அழுத்தம் பிறக்காதபோது, எண்ணெய் செல்லும் வழியே தொட்டியிலிருந்து தொடங்கித் தேடிச் செல்வது முறை. தண்டை உள்ளே இழுத்துவிட்ட நிலையில்தான் எண்ணெயின் மட்டத்தை அளக்க வேண்டும். தண்டு வெளியே நிற்கும்போது எண்ணெயின் ஒரு பகுதி உருளைக்குள் இருப்பதால் மட்டம் குறைந்து காட்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. நுரைத்திருந்தால் காற்றுப் புகுந்திருக்கிறது. கடுங்குளிரில் எண்ணெய் தடித்துப் பம்பிக்குள் வர மறுப்பதும் உண்டு.

அடுத்தது உறிஞ்சு குழாய். இதன் பிழை பலரை ஏமாற்றும். மற்றக் குழாய்களில் வெடிப்பிருந்தால் எண்ணெய் சொட்டும். இதில் வெடிப்பிருந்தால் எண்ணெய் சொட்டாது, காற்றே உள்ளே போகும். பம்பிக்குள் சரளைக் கல் உருளுவது போன்ற சத்தம் கேட்டால் இக்குழாயையும் இதன் பிடிவளையங்களையும் தொட்டியினுள் இருக்கும் வடியையும் ஐயுற வேண்டும். மரத்தூளும் தேய்ந்த றப்பர்த் துணுக்குகளும் வடியை அடைத்துவிட்டால், நிறைந்த தொட்டியின் அருகிலேயே பம்பி தாகத்தால் வாடும்.

மூன்றாவது, எஞ்சினையும் பம்பியையும் பிணைக்கும் இணைப்பு. பற்களுள்ள இரண்டு இரும்புத் துண்டுகளின் நடுவே அதிர்ச்சியைத் தாங்குவதற்கு ஒரு றப்பர்த் துண்டு வைக்கப்பட்டிருக்கும். அந்த றப்பர் சிதைந்து பற்கள் ஒன்றையொன்று பிடிக்காமற் போனாலும், இரும்புத் துண்டைத் தண்டோடு பிடித்திருக்கும் சாவி நழுவினாலும், எஞ்சின் சுழலும்; பம்பி சுழலாது. எஞ்சினை நிறுத்தி, தீப்பொறிச் செருகியின் கம்பியைக் கழற்றிவிட்டு, ஒருவர் எஞ்சினின் கயிற்றை மெல்ல இழுக்க, மற்றவர் தாங்கியிலுள்ள இடைவெளி வழியாகப் பம்பியின் தண்டு திரும்புகிறதா என்று பார்த்தால் உண்மை வெளிப்படும். பம்பிக்குப் பணம் அனுப்பிய பின்னர், குற்றம் சிறியதொரு றப்பர்த் துண்டில் இருந்ததென்று அறிந்து வருந்துவதிலும் பார்க்க இது நன்று.

இவையாவும் சரியாயிருந்தால் வால்வுகளைப் பார்க்கலாம். அழுத்தம் எல்லை மீறும்போது எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் காப்பு வால்வு ஒன்று உண்டு. ஒரு சிறு தூசு அதன் வாயிற் சிக்கினால் அது மூடாது. எண்ணெய் முழுவதும் உழைக்காமலே வீடு திரும்பும். பம்பியினுள்ளும் பெரும்பாலும் பெரிதும் சிறிதுமாக இரண்டு பற்சில்லுச் சோடிகள் இருக்கும். தண்டு வெறுமையாக ஓடும்போது இரண்டும் எண்ணெய் தரும்; கட்டை எதிர்த்ததும் பெரியது விலகிக்கொள்ள, சிறியது மட்டும் மெதுவாக, ஆனால் பெரும் அழுத்தத்தோடு தள்ளும். கட்டையைத் தொட்டதுமே எஞ்சின் மூச்சடைத்து நின்றுவிட்டால், பெரியது விலகவில்லை என்று ஐயுறலாம். பம்பிக்கும் வால்வுக்கும் இடையே அழுத்தமானி ஒன்றைப் பொருத்தினால் ஊகம் அறிவாகும்.

அழுத்தம் இருந்தும் தண்டு வலுவின்றித் தளர்ந்தால், இறுதியாகப் பிஸ்டனைச் சுற்றியுள்ள அடைப்பு வளையத்தை நினைக்க வேண்டும். அது தேய்ந்தால் எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நழுவிவிடும். பிராமாவின் முதற்பொறிக்கும் இதுவே பெருந்தொல்லையாயிருந்தது. அவரிடம் பணியாற்றிய ஹென்றி மோட்ஸ்லி, அழுத்தம் கூடக் கூடத் தானே இறுகும் தோல் வளையத்தை அமைத்து அதனைத் தீர்த்தார் என்று சொல்லப்படுகிறது. மாபெரும் பொறியின் ஆற்றல் ஒரு தோல் வளையத்தில் தங்கியிருந்தது.

இத்தேட்டத்தில் இரண்டு தவறுகள் ஆபத்தானவை. ஒன்று, வலு குறைந்த பொறிக்குக் காப்பு வால்வின் திருகை மேலும் இறுக்குவது. அது நோயை நீக்காது. குழாயை வெடிக்கச் செய்யும். மற்றொன்று, எண்ணெய் கசியும் இடத்தைக் கையால் தடவித் தேடுவது. ஊசிமுனை போன்ற துளையினூடாகப் பாயும் எண்ணெய் தோலைத் துளைத்துத் தசைக்குள் புகும். காயம் ஒரு முள் குத்தியது போலத் தோன்றும். ஆயினும் உடனே அறுவைச் சிகிச்சை கிடைக்காவிடில் விரலோ கையோ போய்விடலாம். கசிவைத் தேடுவதற்கு அட்டைத் துண்டு போதும். குழாயைக் கழற்றுமுன் எஞ்சினை நிறுத்தி, கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்து, அடங்கியிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றிவிட வேண்டும்.

பொறியைத் திருத்துபவனுக்கு வேண்டிய முதற்கருவி திருகாணிச் சாவியன்று, ஒழுங்கான சிந்தனையே. கேட்டல், பார்த்தல், அளத்தல், பின்னரே கழற்றுதல் என்ற வரிசையில், எளியதிலிருந்து அரியதற்குச் செல்பவன் பொருளையும் காலத்தையும் காத்துக்கொள்வான். தன் கையையும் காத்துக்கொள்வான். பனி வருமுன் அவன் விறகும் காய்ந்திருக்கும்.