வெயிலில் வந்த கிறிஸ்துமஸ்



டிசம்பர் 25-ஆம் நாளன்று லண்டன் மாநகரில் பகற்பொழுது 8 மணி நேரங்கூட நீடிப்பதில்லை. பிற்பகல் 4 மணி அடிப்பதற்குள் கதிரவன் மறைந்துவிடுகிறான். அதே நாளில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலோ பகல் ஏறத்தாழ 14 மணி 45 நிமிஷம் நீள்கிறது. பூமியின் அச்சு ஏறக்குறைய 23½ பாகை சாய்ந்திருப்பதால் விளையும் வேற்றுமை இது. கதிரவனுக்கு அருகில் செல்லும்போது கோடையும், விலகிச் செல்லும்போது குளிரும் வருவதாகச் சிலர் எண்ணுவதுண்டு. உண்மையில் பூமி கதிரவனை மிகவும் நெருங்குவது ஜனவரி முதல் வாரத்தில். ஐரோப்பா குளிரில் நடுங்கும் சமயம் அதுதான்.

இவற்றைப் பூகோளப் பாடத்தில் படிக்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்தும் விடுகிறோம். ஆனால் குளிர்காலத் திருநாள் ஒன்றை மனத்தில் சுமந்து கப்பலேறி, கோடையின் நடுவே போய் இறங்கிய மக்களுக்கு இது வெறும் பாடமாக இருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-ஆம் ஆண்டில், மக்கள் தொகையைப் பெருக்க விரும்பிய ஆஸ்திரேலிய அரசாங்கம் பிரிட்டனிலிருந்து குடியேறுவோருக்குப் பயண உதவி அளிக்கும் திட்டத்தை வகுத்தது. வயது வந்தோர் 10 பவுன் கட்டினாற் போதும். குழந்தைகளுக்குக் கட்டணமே இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு ஆண்டுகளாவது அங்கே தங்கவேண்டும். இடையில் திரும்ப விரும்பினால் அரசாங்கம் செலவிட்ட பயணத் தொகையைத் திருப்பிக் கட்டவேண்டும். 1972-ஆம் ஆண்டுக்குள் பிரிட்டனிலிருந்து மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்விதம் சென்றனர். பிற்காலத்தில், 2010 முதல் 2013 வரை, ஆஸ்திரேலியாவின் பிரதமராக விளங்கிய ஜூலியா கில்லார்டு அம்மையாரும் 1966-இல் வேல்ஸ் நாட்டிலிருந்து பெற்றோருடன் அடிலெய்டு நகருக்கு வந்து சேர்ந்த சிறுமியே.

மெல்போர்னில் வாழும் என் மகளின் இல்லத்தில் நான் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டில் வசிக்கும் மூதாட்டி ஒருவர் 1959-ஆம் ஆண்டின் இறுதியில், ஒன்பது வயதுச் சிறுமியாக, தாய் தந்தையருடனும் தம்பியுடனும் மான்செஸ்டரிலிருந்து வந்து இறங்கியவர். தந்தை தச்சர். அவர்களுடைய முதல் கிறிஸ்துமஸைப் பற்றி அம்மூதாட்டி சொன்னவற்றையே இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

கப்பல் டில்பரித் துறையில் புறப்பட்டுச் சூயஸ் கால்வாய், ஏடன் வழியாக வந்து கொழும்பில் ஒருநாள் நின்றதாம். அன்னாசிப் பழத்தை டப்பாவில் அல்லாமல் முழுதாக அவர்கள் முதன்முதலாகக் கண்டது அங்கேதான். துறைமுகத்தில் வேடிக்கை பார்த்து நின்றோரில் எவரும் அதே கப்பலில் அதே சலுகையில் ஏறியிருக்க முடியாது என்பதை நாம் நினைவில் வைக்கவேண்டும். 1901-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஆஸ்திரேலியா வெள்ளையர் அல்லாதார்க்குத் தன் கதவைச் சாத்தியிருந்தது. நிறத்தை அளவுகோலாகக் கொண்ட அக்கொள்கை 1973-இல்தான் அடியோடு கைவிடப்பட்டது. ஒன்பது வயதுச் சிறுமி இதை அறிந்திருக்க நியாயமில்லை. பின்னாளில் அறிந்தபோது கொழும்புத் துறைமுகத்தை அடிக்கடி நினைத்துக்கொண்டதாக அவரே கூறினார்.

மெல்போர்னில் அவர்களுக்குக் கிடைத்த இடம் குடியேறிகளுக்கான ஒரு விடுதி. பீப்பாயை நீளவாக்கில் பிளந்து கவிழ்த்து வைத்தாற்போன்ற நெளிதகரக் குடில்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒரு குடிலைத் தடுப்புகளால் பிரித்துக் குடும்பங்களைக் குடியமர்த்தியிருந்தார்கள். அடுக்களை கிடையாது. எல்லாரும் பொதுச் சாப்பாட்டு மண்டபத்தில் தட்டேந்தி வரிசையில் நிற்கவேண்டும். சொந்த அடுப்பு இல்லாத வீடு வீடாகுமா என்று தாயார் முதல் நாளே கேட்டாராம். டிசம்பர் பிறந்ததும் வெயில் ஏறியது. தகரம் பகலெல்லாம் காய்ந்து இரவெல்லாம் வெப்பத்தைக் கக்கியது. இங்கிலாந்தில் வடகாற்று என்றால் எலும்பைத் துளைக்கும் குளிர்காற்று. மெல்போர்னிலோ வடகாற்று கண்டத்தின் உள்நாட்டு வறண்ட வெளிகளைக் கடந்து அனலாக வருவது; குளிர்ச்சி வருவது தெற்கே கடலிலிருந்து. நடுப்பகலில் கதிரவன் நிற்பதும் வடதிசையில். திசைகள் கூடத் தங்களை ஏமாற்றிவிட்டன என்று தந்தை வேடிக்கையாகச் சொல்வாராம், தாயார் சிரிக்கமாட்டாராம்.

டிசம்பர் நடுவில் இங்கிலாந்திலிருந்து வாழ்த்து அட்டைகள் வரத் தொடங்கின. பனி மூடிய கோயில், பனியில் நிற்கும் செம்மார்புக் குருவி, பனியில் ஓடும் குதிரை வண்டி! தாயார் குடிலுக்குள் ஒரு நூல் கட்டி அவற்றை வரிசையாகத் தொங்கவிட்டார். 23-ஆம் தேதி ஒரு பொட்டலம் வந்தது. கப்பல் தபாலில் பல வாரம் பயணம் செய்து வந்த அதனுள் இரண்டு ஜோடிக் கம்பளிக் கையுறைகள் இருந்தன. பாட்டி தம் கையால் பேரக் குழந்தைகளுக்குப் பின்னி அனுப்பியவை. குழந்தைகள் அவற்றைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். தாயார் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் இருவரையும் கையுறை அணியச் செய்து, குடிலின் முன்னே நிறுத்தி, பக்கத்துக் குடில்காரரிடம் புகைப்படக் கருவியை இரவல் வாங்கிப் படம் எடுக்கச் செய்தார். கையுறைகள் கச்சிதமாகப் பொருந்துகின்றன என்று பாட்டிக்குக் கடிதமும் எழுதினார். வெயிலைப் பற்றி அக்கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

அந்தப் படத்தின் பிரதியொன்றை நான் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் வெயிலின் கடுமை தெரியவில்லை. குழந்தைகள் கண்களைச் சுருக்கிக்கொண்டு நிற்பது மட்டும் தெரிகிறது. பாட்டிக்கு ஆஸ்திரேலியாவில் அப்போது கோடை என்பது தெரியாதா என்று கேட்டேன். தெரிந்திருக்கும் என்றார் மூதாட்டி. ஆண்டுதோறும் பின்னிக் கொடுத்துப் பழகிய கை. அவ்வாண்டு பின்னாமல் இருந்தால் பேரக் குழந்தைகள் இல்லை என்று ஆகிவிடுமல்லவா?

இங்கே ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். பனியும் தேவதாரு மரமும் இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை என்று அத்தாயார் நம்பினார். ஆயின் அக்காட்சி அவ்வளவு பழமையானது அன்று. இயேசு பிறந்த நாளையோ பருவத்தையோ விவிலியம் குறிப்பிடவில்லை. டிசம்பர் 25 என்பது 354-ஆம் ஆண்டு ரோமானிய நாட்காட்டியொன்றில் காணப்படுகிறது. அச்சடித்த வாழ்த்து அட்டையும், சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் கதையும் லண்டனில் வெளிவந்தது 1843-இல். விக்டோரியா மகாராணியின் குடும்பம் அலங்கரித்த மரத்தைச் சுற்றி நிற்கும் சித்திரம் பத்திரிகையில் வெளியாகி, அவ்வழக்கம் ஆங்கில இல்லங்களில் பரவியது 1848-க்குப் பிறகு. அத்தாயார் தொன்றுதொட்டு வருவதாக எண்ணிய கிறிஸ்துமஸின் வயது ஏறக்குறைய நூறுதான். ஆனால் இதை அவரிடம் யாரேனும் எடுத்துச் சொல்லியிருந்தால் அவர் துயரம் தீர்ந்திருக்குமா? தீர்ந்திராது என்பதே என் எண்ணம். ஒருவருடைய பழமை அவருடைய தாய்வீட்டளவில் தொடங்குவது. நம் ஊர்களிலும் பனியையே காணாத குழந்தைகள் சவுக்குக் கிளையில் பஞ்சை ஒட்டி மகிழ்கிறார்களே!

கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு, புழுக்கம் தாங்காமல் எல்லாக் குடில்களின் கதவுகளும் திறந்து கிடந்தன. மக்கள் படிகளில் வந்து அமர்ந்திருந்தனர். யாரோ ஒருவர் வானொலிப் பெட்டியை வாசலில் கொண்டுவந்து வைத்தார். மெழுகுவத்தி ஒளியில் ஆயிரக்கணக்கானோர் கூடிப் பாடும் கிறிஸ்து பிறப்புப் பாடல்கள் ஒலித்தன.

அந்நிகழ்ச்சிக்கு ஒரு வரலாறு உண்டு. வானொலி நேயர்களாகிய நீங்கள் அறியவேண்டிய வரலாறு. 1937-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில், நார்மன் பாங்க்ஸ் என்ற வானொலி அறிவிப்பாளர் பணி முடித்து மெல்போர்னின் செயின்ட் கில்டா சாலை வழியே சென்றுகொண்டிருந்தார். ஒரு வீட்டின் ஜன்னலருகே மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு முதியவள் தனியே அமர்ந்து, வானொலியில் வந்த பாடலோடு தானும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாளாம். தனித்திருப்போர் எல்லாரும் ஓரிடத்தில் கூடிப் பாடினால் என்ன என்று அவர் எண்ணினார். மறு ஆண்டு, 1938-இல், நகரப் பூங்காவொன்றில் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. சுமார் 10,000 பேர் கூடினர். குளிர்நாட்டில் நள்ளிரவில் திறந்த வெளியில் மெழுகுவத்தியுடன் அமர முடியுமா? கோடையே இந்த வழக்கத்தைத் தந்தது. இன்றும் அது மெல்போர்னில் ஆண்டுதோறும் நடைபெறுகிறது.

அன்றிரவு விடுதிப் படிகளில் முதற் பாட்டை எல்லாரும் மௌனமாகக் கேட்டனர். இரண்டாம் பாட்டில் எங்கோ கடைசிக் குடிலில் ஒருவர் குரலெடுத்தார். பிறகு வரிசை வரிசையாகக் குரல்கள் சேர்ந்தன. ஊரை விட்டு வந்த நாள் முதலாகத் தம் தாயார் பாடிக் கேட்டது அன்றுதான் என்றார் மூதாட்டி. பாடி முடித்ததும் உள்ளே போய், சுவரைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாராம்.

மறுநாள் சாப்பாட்டு மண்டபத்தில் சுடச்சுடப் பொரித்த இறைச்சியும் ஆவி பறக்கும் புட்டிங்கும் பரிமாறினார்கள். வியர்வை சொட்டச் சொட்ட அதை உண்டார்கள். இக்காலத்தில் அந்நாட்டார் பலர் குளிர வைத்த இறாலும் பழங்களும் உண்கிறார்கள், அறிவுடைமை! 26-ஆம் தேதி கடற்கரைக்குப் போனார்கள். குழந்தைகளுக்கு அந்த ஒரு நாளே போதும். முதுகுத் தோல் சிவந்து உரிந்ததையும் பொருட்படுத்தாமல், இனிக் கிறிஸ்துமஸ் என்றால் கடல்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

பெரியோருக்கு அந்த நாடு தன் அடையாளங்களை மெல்ல மெல்லத்தான் காட்டியது. சிட்னிப் பக்கத்தில் டிசம்பரில் செந்நிறம் கொள்ளும் ஒரு புதரைக் கிறிஸ்துமஸ் புதர் என்கிறார்கள். பளபளக்கும் வண்டொன்று அம்மாதத்தில் விளக்கைச் சுற்றி மொய்க்கும். அது கிறிஸ்துமஸ் வண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் பொன்னிறப் பூக்களால் அக்காலத்தில் எரிவது போல் நிற்கும் கிறிஸ்துமஸ் மரம் புல்லுருவி இனத்தைச் சேர்ந்தது. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸுக்கு வாசலில் கட்டுவதும் ஒருவகைப் புல்லுருவிக் கொத்தே என்பதை எண்ணும்போது வியப்பாக இருக்கிறது. வில்லியம் ஜேம்ஸ் இசையமைக்க, ஜான் வீலர் இயற்றிய ஆஸ்திரேலியக் கிறிஸ்துமஸ் பாடல்கள் 1948 முதல் வெளிவந்தன. அவற்றில் பனி இல்லை. மாடோட்டிகளும் அந்நாட்டுக் கொக்குகளும் உண்டு. மூதாட்டி பள்ளியில் அவற்றைக் கற்று வந்து பாடியபோது, தாயார் கேட்டுவிட்டு, இவை நல்ல பாட்டுகள்தாம், ஆனால் கிறிஸ்துமஸ் பாட்டுகள் அல்ல என்றாராம்.

தாயார் ஒரு பிஸ்கத்து டப்பாவில் திரும்புவதற்காகப் பணம் சேர்த்து வந்தார். அவ்வாறு சேர்த்தவர்கள் பலர். குடியேறிய பிரிட்டிஷ் மக்களுள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் தாய்நாடு திரும்பினர் என்பது கணக்கு. அவருள்ளும் பலர் மீண்டும் ஆஸ்திரேலியாவுக்கே வந்தனர். எந்த ஊரிலும் மனம் ஒட்டாத நிலை அது. இக்குடும்பம் திரும்பவில்லை. இரண்டு ஆண்டு முடிந்தபோது தந்தைக்கு நிலையான வேலை கிடைத்திருந்தது. டப்பாப் பணம் மனை வாங்கப் போயிற்று. பாட்டி 1964-இல் காலமானார். அதுவரை ஆண்டுதோறும் கையுறைகள் வந்தன. ஆண்டுதோறும் படமும் போயிற்று.

நான் அங்கிருந்த ஜனவரியில் பொங்கல் வந்தது. முற்றத்தில் விறகடுப்பு மூட்டிப் பானை வைக்க மகள் ஆசைப்பட்டாள். ஆனால் அன்று வடகாற்று அடித்தது. திறந்த வெளியில் எவரும் தீ மூட்டலாகாது என்று அரசாங்கம் தடை அறிவித்திருந்தது. காட்டுத் தீக்கு அஞ்சும் நாட்டில் அது நியாயமான தடை. சமையலறையில் எரிவாயு அடுப்பில் பால் பொங்கிற்று. வேலியோரம் நின்ற மூதாட்டியிடம் ஒரு கிண்ணம் பொங்கலைக் கொடுத்தோம். உங்கள் ஊரில் இந்தத் திருநாளன்று குளிராக இருக்குமா என்று கேட்டார். விடியற்காலையில் வாசல் கோலத்தின்மேல் பனி இறங்கியிருக்கும் என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு, வெயிலில் பட்டுப்பாவாடையுடன் நின்ற என் பேத்தியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, படம் எடுத்து ஊருக்கு அனுப்பினீர்களா என்று கேட்டார்.