இருமொழிக் கொள்கைன்னா இங்கிலீஷ் வகுப்பும் ஒழுங்கா நடக்கணும்!

(வடசென்னையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நம்ம ஐ.டி. விங் தம்பி பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க. உங்க வட்டத்து வாட்ஸ்அப் குரூப்ல பகிருங்க.)



எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்காங்க. ஒரே ஒரு விஷயம்தான் பேசப் போறேன். 6, 7, 8-ம் வகுப்புல நம்ம பிள்ளைங்களுக்கு நடக்கிற இங்கிலீஷ் கிளாஸ்.

வாக்காளர் பட்டியல் வேலைக்கு வீடு வீடா போறப்போ, ரோடு, தண்ணி, பட்டா எல்லாம் கேட்டு முடிச்சிட்டு, வாசல்ல நின்னு ஒரு அம்மா கேட்டாங்க: "தம்பி, எம் பொண்ணு ஏழாவது. இங்கிலீஷ் நோட்டு முத்து முத்தா எழுதியிருக்கா. பக்கத்துக்குப் பக்கம் டிக் இருக்கு. அதுலயே ஒரு வரியைக் காட்டி அர்த்தம் கேட்டா முழிக்கிறா. அப்போ கிளாஸ்ல என்னதான் நடக்குது?"

இந்தக் கேள்விக்கு நேர்மையா பதில் சொல்லணும். நடக்கிறது இதுதான். பாடத்தை ஒரு தடவை வாசிக்கிறாங்க, வரிக்கு வரி தமிழ்ல அர்த்தம் சொல்றாங்க. அப்புறம் கேள்வி பதில் போர்டுல ஏறுது, இல்லன்னா கைடுல இருந்து வருது. பிள்ளை அதை நோட்டுல எழுதுது, மனப்பாடம் பண்ணுது, பரீட்சையில கொட்டிட்டு மறந்துடுது. கேட்கிறது, பேசுறது, படிக்கிறது, எழுதுறது நாலுக்குமே பாடப் புத்தகத்துல பயிற்சி இருக்கு. ஆனா மார்க் வர்றது பெரும்பாலும் எழுதுறதுக்குத்தான். அதனால வகுப்பும் அங்கேயே நின்னுடுது. எழுத்தை அழகா வரையத் தெரிஞ்ச பிள்ளை பாஸ். வாசிக்கத் தெரியுமான்னு யாரும் பார்க்கல.

உடனே டீச்சரைத் திட்டக் கூடாது. ரெண்டு காரணம் இருக்கு.

முதல் காரணம் கொரோனா. 2025-26-ல 8-ம் வகுப்பு படிக்கிற பிள்ளை, 2020 மார்ச்ல பள்ளிக்கூடம் மூடினப்போ 2-ம் வகுப்பு. 1 முதல் 8-ம் வகுப்பு வரைக்கும் பள்ளி திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. அதாவது அந்தப் பிள்ளை 3-ம் வகுப்பு முழுசும், 4-ல பாதியும் வகுப்பறையே பார்க்கல. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுற வயசு அது. கல்வித் தொலைக்காட்சி வந்துச்சு, ஆன்லைன் கிளாஸ் வந்துச்சு. ஆனா வீட்டுல இருந்தது ஒரே போன், அதுவும் அப்பாவோட காசிமேட்டுக்கோ ஹார்பருக்கோ போயிடும். அந்த ஓட்டையை அடைக்காமலே நாலு வகுப்பு ஏறி வந்தாச்சு. 8-ம் வகுப்பு வரைக்கும் நம்ம மாநிலத்துல யாரையும் ஃபெயில் ஆக்கிறதில்ல. அது சரியான முடிவு, அதை நாம விட்டுக் கொடுக்கக் கூடாது. ஆனா ஃபெயில் ஆக்கலைன்னா, பின்தங்கின பிள்ளையைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டு வர்ற வேலையும் சேர்ந்து நடக்கணும் இல்லையா?

இரண்டாவது காரணம் சட்டத்துலயே இருக்கு. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8 வரை அறிவியல்-கணிதத்துக்கு ஒருத்தர், சமூக அறிவியலுக்கு ஒருத்தர், 'மொழிகளுக்கு' ஒருத்தர் குறைஞ்சபட்சம் இருக்கணும்னு சொல்லுது. கவனிங்க, 'மொழிகள்'. ஆங்கிலத்துக்குன்னு தனியா ஒருத்தர் வேணும்னு கட்டாயம் இல்ல. தமிழ் படிச்ச டீச்சர் இங்கிலீஷும் எடுத்தா, சட்டப்படி கணக்கு சரியா இருக்கும். அந்த டீச்சர் கெட்டவங்க இல்ல. ஆனா தனக்கே தயக்கம் இருக்கிற மொழியில அவங்க எப்படிப் பிள்ளைகளைப் பேச வைப்பாங்க?

சரி, இது ஏன் 6-ம் வகுப்புலயே முக்கியம்? பத்தாவது வந்தா பார்த்துக்கலாமேன்னு சிலர் சொல்றாங்க.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்துல 7.5 சதவீத இடஒதுக்கீடு 2020-ல வந்துச்சு. 2021-ல பொறியியலுக்கும் வந்துச்சு. 2022 செப்டம்பர் 5-ம் தேதி, நம்ம பக்கத்துலயே பாரதி மகளிர் கல்லூரியில புதுமைப் பெண் திட்டம் தொடங்கி, காலேஜ் போற பொண்ணுங்களுக்கு மாசம் 1000 ரூபாய் வருது. இதுக்கெல்லாம் என்ன தகுதி? பொதுவா 6-ம் வகுப்புல இருந்து 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். அரசாங்கமே 6-ம் வகுப்புல இருந்துதான் எண்ண ஆரம்பிக்குது. அதே 6-ம் வகுப்புல இங்கிலீஷ் கிளாஸ் சும்மா ஓடினா, சீட்டு கிடைக்கும், ஆனா பாடம் புரியாது.

நான் இன்ஜினியரிங் படிச்சவன். முதல் வருஷம் கண்ணால பார்த்தது. கணக்குல என்னை விட கெட்டிக்காரப் பசங்க, தமிழ் மீடியத்துல நல்ல மார்க் எடுத்து வந்தவங்க, கேள்வித்தாள்ல கேள்வியே புரியாம அரியர் வச்சாங்க. கணக்கு தெரியாம இல்ல. 'எவாலுவேட்'னா என்ன, 'ஜஸ்டிஃபை'னா என்னன்னு தெரியாம. மூணாவது வருஷம் கேம்பஸ் இன்டர்வியூ வந்தப்போ, குரூப் டிஸ்கஷன் ரவுண்டுல வாயே திறக்காம வெளிய வந்தாங்க.

நம்ம ஊரைப் பாருங்க. ஒரு பக்கம் சென்னைத் துறைமுகம், இன்னொரு பக்கம் எண்ணூர் காமராஜர் துறைமுகம். நடுவுல கன்டெய்னர் யார்டு, மணலி ரிஃபைனரி, கம்பெனி மேல கம்பெனி. புகையும் தூசும் நமக்கு, மூச்சுத் திணறல் நமக்கு. ஆனா டெலிவரி ஆர்டர், கேட் பாஸ், கப்பல் பேப்பர், கெமிக்கல் டிரம் மேல ஒட்டியிருக்கிற எச்சரிக்கை எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. அதைப் படிக்கத் தெரிஞ்சவன் ஏ.சி. ரூம்ல ஸ்டாஃப். படிக்கத் தெரியாதவன் வெயில்ல கான்ட்ராக்ட். சுவருக்கு இந்தப் பக்கம் பிறந்த பிள்ளை, அந்தப் பக்கம் ஸ்டாஃபா போகணும்னா, அதுக்கு வழி இந்த மூணு வருஷ கிளாஸ்லதான் திறக்குது.

இங்க ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திடறேன். "அப்போ இங்கிலீஷ் மீடியத்துல போட்டுடலாமா தம்பி?"ன்னு கேட்பீங்க. இங்கிலீஷ் மீடியம் வேற, இங்கிலீஷ் வேற. 2012-13-ல இருந்து அரசுப் பள்ளியிலயும் ஆங்கில வழிப் பிரிவு இருக்கு. ஆனா வாசிக்கவே தெரியாத பிள்ளைகிட்ட அறிவியலையும் இங்கிலீஷ்ல கொடுத்தா, இங்கிலீஷும் வராது, அறிவியலும் போயிடும். கடன் வாங்கி ஃபீஸ் கட்டுற தனியார் பள்ளியிலயும் இதே கதை நடக்குது. தமிழ்ல யோசிக்கட்டும், தமிழ்ல பாடத்தைப் புரிஞ்சுக்கட்டும். அதோட இங்கிலீஷை ஒரு மொழியா முறையா கத்துக்கட்டும்.

அதைத்தானே நம்ம மாநிலம் முடிவு பண்ணுச்சு? 1968 ஜனவரியில, அண்ணா முதலமைச்சரா இருந்தப்போ, தமிழும் ஆங்கிலமும் போதும்னு சட்டமன்றத்துல தீர்மானம் போட்டாங்க. மூணாவது மொழி வேண்டாம்னு நாம நெஞ்சை நிமிர்த்திச் சொல்றோம். ட்விட்டர்ல டிரெண்டிங் பண்றோம். நானே பண்ணியிருக்கேன், இனியும் பண்ணுவேன். ஆனா இருக்கிற ரெண்டுல ஒண்ணு எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு வரலைன்னா, எதிர்ல நிக்கிறவன் கேட்பான்: "ரெண்டே ஒழுங்கா வரலையே?" அந்தக் கேள்விக்குப் பதில் போஸ்ட்ல இல்ல, வகுப்பறையில இருக்கு.

இப்போ செய்ய வேண்டியது நாலு.

ஒண்ணு. இன்னைக்கு ராத்திரியே வீட்டுல பாருங்க. ஏசர்னு ஒரு ஆய்வு இருக்கு, பிரதம் அமைப்பு எடுக்கிறது. அது கிராமப்புறத்துக்கானது, அதனால சென்னைப் பிள்ளைங்க நிலை அதுல தெரியாது. ஆனா அவங்க முறை ரொம்ப எளிசு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, சின்னச் சின்ன வார்த்தை, ஒரு வாக்கியம், கடைசியில அதோட அர்த்தம். எந்தப் படியில உங்க பிள்ளை நிக்குதுன்னு பாருங்க. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியலைன்னா பக்கத்து வீட்டுக் காலேஜ் பொண்ணைக் கூப்பிடுங்க. பிள்ளையைத் திட்டாதீங்க, அடிக்காதீங்க.

ரெண்டு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்க. சட்டப்படி அதுல நாலுல மூணு பங்கு பெற்றோர், மொத்தத்துல பாதி பெண்கள். அது உங்க நாற்காலி. கையெழுத்து மட்டும் போட்டுட்டு வந்துடாதீங்க.

மூணு. அங்க கேள்வி கேளுங்க. 6 முதல் 8 வரை ஆங்கிலம் எடுக்கிறது யாரு, அவங்க எந்தப் பாடம் படிச்சவங்க? வாரத்துல எத்தனை பீரியட் பிள்ளைங்க வாய் திறந்து படிக்கிறாங்க, பேசுறாங்க? 6 முதல் 9 வரை தமிழ், ஆங்கிலம், கணக்குல பின்தங்கினவங்களுக்காக 2025-26-ல 'திறன்' திட்டம் வந்திருக்கே, எங்க பிள்ளை அதுல இருக்கா, இப்ப எந்த நிலையில இருக்கா? நூலகப் புத்தகம் பிள்ளைங்க கைக்கு வருதா, பீரோவுல பூட்டி இருக்கா? பதிலைப் பள்ளி வளர்ச்சித் திட்டத்துல எழுதச் சொல்லுங்க. ஆசிரியர் இடம் காலியா இருந்தா அதையும் எழுதுங்க. பதில் வரலைன்னா கல்வித் துறை உதவி எண் 14417-க்குப் பேசுங்க.

நாலாவது நம்ம கட்சிக்காரங்களுக்கு. துண்டு போட்டுக்கிட்டு, பத்துப் பேரு சேர்ந்து பள்ளிக்கூட வாசல்ல போய் நிக்காதீங்க. டீச்சரை மிரட்டுறது நம்ம வேலை இல்ல. பெற்றோரா போங்க, முன்னாள் மாணவரா போங்க. டிகிரி முடிச்ச தம்பி, தங்கச்சிங்க வாரத்துல ஒரு மணி நேரம் தெருவுல பத்துப் பிள்ளைங்களை உட்கார வச்சு இங்கிலீஷ் கதைப் புத்தகம் சத்தமா படிக்க வைங்க. அங்க கொடி வேண்டாம், ஃபிளெக்ஸ் வேண்டாம், செல்ஃபியும் வேண்டாம்.

நம்ம அப்பா, அம்மா தலைமுறை பள்ளிக்கூடத்துக்கு உள்ள போறதுக்கே போராடுச்சு. நாம உள்ள போயிட்டோம். இப்போ உள்ள என்ன நடக்குதுன்னு கேட்கிற முறை நம்மளுது. கூட்டம் எப்போன்னு நாளைக்குக் காலையிலயே தலைமை ஆசிரியர்கிட்ட கேட்டுடுங்க.