ஏவுவதற்கு முன்: எதிர்கால வடிவில் ஒரு மாதிரி ஏவூர்தி



தமிழில் 'ஏ' என்னும் ஓரெழுத்துச் சொல்லுக்கு அம்பு என்பது ஒரு பொருள். 'ஏவு' என்னும் வினைக்கு அம்பு முதலியவற்றைச் செலுத்துதல் என்றும், ஒருவருக்குக் கட்டளையிடுதல் என்றும் இரு பொருள்கள் உண்டு. ராக்கெட்டை நாம் ஏவூர்தி என்று அழைக்கும்போது இவ்விரு பொருள்களும் நினைவுக்கு வருதல் நன்று. விண்வெளி நிலையத்துக்குச் செல்லும் பெரிய ஏவூர்தியில் வழிகாட்டும் கணினி உண்டு. பறக்கும்போதே அதன் போக்கைத் திருத்த இயலும். தாளாலும் மெல்லிய மரத்தாலும் ஆன மாதிரி ஏவூர்தியில் அத்தகைய கருவி இல்லை. ஏவுதண்டை விட்டு அகன்ற பின் அது எவர் சொல்லையும் கேளாது. ஆகவே, அதற்கு இட வேண்டிய கட்டளைகள் அனைத்தையும் வரைபடத்திலேயே இட்டுவிட வேண்டும். இதுவே இன்றைய உரையின் மையக் கருத்து.

இக்கலையின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். 1954ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் காலணிக் கடை நடத்திவந்த ஆர்வில் கார்லைல் என்பவர், தம் சகோதரர் ராபர்ட் ஆற்றிய விளக்கவுரைகளில் காட்டுவதற்காக மாதிரி ஏவூர்தியையும் அதற்குரிய சிறு மோட்டாரையும் உருவாக்கினார். 1957இல் ஸ்புட்னிக் விண்ணில் சுற்றத் தொடங்கிய காலத்தில், தாமே வேதிப்பொருள்களைக் கலந்து ஏவூர்தி செய்ய முயன்ற இளைஞர்கள் பலர் காயமுற்றனர். ஆலையில் செய்யப்பட்டு, ஒரே முறை பயன்படும் மோட்டார் அந்த ஆபத்துக்கு நல்ல மாற்றாக அமைந்தது. பின்னர், எதிர்கால விண்கலங்களைக் கற்பனை செய்த வடிவங்களும் வந்தன. எஸ்டிஸ் நிறுவனத்தின் 'ஆர்பிட்டல் டிரான்ஸ்போர்ட்', 'இன்டர்செப்டர்' ஆகியவை அவற்றுள் புகழ் பெற்றவை.

மாணவரிடம் ஒரு தாளைக் கொடுத்து எதிர்கால விண்கலத்தை வரையச் சொன்னால், பெரும்பாலோர் முன்புறம் சிறிய சிறகு, நடுவில் அகன்ற முக்கோணச் சிறகு, ஒரு பக்கம் மட்டும் புடைத்து நிற்கும் விமானி அறை என்று வரைவர். காண அழகாக இருக்கும். ஆனால், காற்று அழகைப் பார்ப்பதில்லை. இரண்டு புள்ளிகளை மட்டுமே பார்க்கிறது.

முதலாவது, ஈர்ப்பு மையம். ஏவூர்தியை ஒரு விரலின் மேல் கிடத்தினால் அது சாயாமல் நிற்கும் இடம் அது. இரண்டாவது, அழுத்த மையம். ஏவூர்தி சற்றே சாயும்போது அதன் பக்கவாட்டில் மோதும் காற்றின் விசைகள் அனைத்தும் ஒன்றுகூடிச் செயற்படுவதாகக் கொள்ளும் இடம் அது. ஈர்ப்பு மையம் முன்னும் அழுத்த மையம் பின்னும் இருந்தால், காற்று வாலைத் தள்ளி மூக்கை நேராக்கும். இவ்வரிசை மாறினால், சிறு சாய்வும் பெருகி ஏவூர்தி வானில் குட்டிக்கரணம் அடிக்கும். அம்பின் முனையில் எடையும் வாலில் இறகும் வைத்த நம் முன்னோர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தது இதுவே. இவ்விரு மையங்களுக்கும் இடையே குறைந்தது உடற்குழாயின் விட்டத்தளவு இடைவெளி வேண்டும் என்பது பொதுவிதி.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். குழாயின் விட்டம் 2.5 சென்டிமீட்டர், மோட்டாருடன் மொத்த எடை 80 கிராம். மூக்கு நுனியிலிருந்து அளக்கும்போது ஈர்ப்பு மையம் 30 சென்டிமீட்டரிலும், அழுத்த மையம் 31 சென்டிமீட்டரிலும் இருப்பதாகக் கொள்வோம். இடைவெளி 1 சென்டிமீட்டரே; 1.5 சென்டிமீட்டர் குறைகிறது. நுனியிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில், மூக்குக் கூம்பினுள் களிமண் வைக்கிறோம். நெம்புகோல் கணக்கின்படி ஏறத்தாழ 5 கிராம் போதும். ஈர்ப்பு மையம் 28.5க்கு வந்துவிடும். கட்டுப்பாடின்றிச் சுழலும் பொருளுக்கும் நேராக உயரும் ஏவூர்திக்கும் உள்ள வேறுபாடு இங்கு 5 கிராம் களிமண்தான்.

எடையைக் கூட்டிக்கொண்டே போவதும் தகாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. மோட்டாரின் மீது எழுதியுள்ள குறியீடு அதன் எல்லையைச் சொல்லும். பி6-4 என்பதில், 'பி' என்பது மொத்தக் கணத்தாக்கு 5 நியூட்டன்-வினாடிக்கு மிகாது என்பதைக் காட்டும். 6 என்பது சராசரி உந்துவிசை நியூட்டன் அளவில். 4 என்பது எரிந்து முடிந்த பின் வான்குடையை வெளித்தள்ளும்வரை கழியும் வினாடிகள். எனவே, முதலில் பின்புறத்தை இலேசாக்குக, முன்சிறகைச் சிறிதாக்குக, பின் இறகைப் பெரிதாக்குக, அதன் பின்னரே களிமண்ணை நாடுக. பின் இறகையும் மிகப் பெரிதாக்கினால், ஏவூர்தி காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பிக்கொண்டு போய்விடும். ஒரு பக்கம் மட்டும் புடைத்த விமானி அறை வேண்டுமாயின், அதனால் எழும் இழுவை பாதையை வளைக்கும் என்பதை எண்ணி அதனைச் சிறிதாகவே அமைக்க வேண்டும்.

அழுத்த மையத்தைக் கணக்கிடும் முறையை நாசா பொறியாளர் ஜேம்ஸ் பாரோமேன் 1966இல் மாதிரி ஏவூர்தி ஆர்வலர்களுக்கு எடுத்துரைத்தார். பின்லாந்தில் 2009இல் ஒரு பட்ட ஆய்வாகத் தோன்றிய 'ஓப்பன்ராக்கெட்' என்னும் இலவச மென்பொருள், அக்கணக்கைத் திரையிலேயே செய்து காட்டுகிறது. வகுப்பறையில் இன்னும் எளிய வழி உண்டு. ஏவூர்தியின் பக்கத்தோற்றத்தை அட்டையில் வெட்டி, அளவுகோலின் விளிம்பில் சமநிலைப்படுத்தினால், அழுத்த மையம் எங்கே இருக்கும் என்பதை ஒருவாறு மதிப்பிடலாம். இம்மதிப்பீடு பெரும்பாலும் உண்மை இடத்துக்குச் சற்று முன்னதாகவே அமையும். ஆதலால் அது நம்மை எச்சரிக்கையின் பக்கமே நிறுத்தும். இறுதியாக, ஈர்ப்பு மையத்தில் கயிறு கட்டி, தலைக்கு மேல் வட்டமாகச் சுழற்ற வேண்டும். மூக்கு முன்னோக்கிச் சென்றால் வடிவம் தேறியது. இச்சோதனையை எரியாத மோட்டாரின் எடையுடன் செய்ய வேண்டும். மருந்து எரிய எரிய வால் இலேசாகி ஈர்ப்பு மையம் முன்னோக்கி நகரும். ஆகவே, புறப்படும் கணமே கடினமான கணம்.

மோட்டாரில் இருப்பது எரிமருந்து. உரிய அனுமதி, திறந்த வெளி, பொறுப்பேற்கும் பெரியவர் ஆகிய மூன்றும் அமையாமல் எவரும் ஏவுதலில் இறங்கலாகாது. ஆயினும், அதற்காக ஆசிரியர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வரைதல், வெட்டுதல், நிறுத்தல், சுழற்றுதல் ஆகியவற்றுக்கு மோட்டார் தேவையில்லை. அதே எடையுள்ள களிமண் உருளை போதும்.

தமிழாசிரியர்களுக்கு இங்கு ஒரு பணி காத்திருக்கிறது. 'நிலைத்தன்மை' என்னும் கலைச்சொல்லை மாணவர் மனப்பாடம் செய்துவிடலாம். அதனால் அவர் அதை அறிந்தவர் ஆகிவிடார். 'பின் இறகைப் பெரிதாக்கினேன்' என்று ஒரு மாணவி எழுதினால், அது செய்தி. 'முன்சிறகு அழுத்த மையத்தை முன்னுக்கு இழுப்பதால், பின் இறகைப் பெரிதாக்கினேன். ஈர்ப்பு மையம் பின்னுக்கு நகர்ந்தால், மூக்கில் களிமண் சேர்ப்பேன்' என்று எழுதினால், அது அறிவு. முதல் 'ஆல்' காரணத்தைக் காட்டுகிறது. இரண்டாவது 'ஆல்' நிபந்தனையைக் காட்டுகிறது. இவ்விரண்டையும் பிழையின்றிக் கையாளும் மாணவர் அறிவியலையும் தமிழையும் ஒருங்கே கற்கிறார்.

ஆகவே, ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியில் ஒவ்வொரு குழுவும் ஏவூர்தியை ஒட்டத் தொடங்குமுன், ஒவ்வோர் உறுப்பும் ஏன் அங்கு இருக்கிறது என்பதை ஒரு பக்கத் தமிழில் எழுதட்டும். காரணம் சொல்ல முடியாத உறுப்பை வரைபடத்திலிருந்து நீக்கட்டும், அல்லது அதற்குரிய காரணத்தைத் தேடட்டும். எதிர்கால விண்கலத்தைக் கனவு காணும் உரிமை நம் பிள்ளைகளுக்கு உண்டு. அக்கனவைக் காற்றுக்கு விளக்கிச் சொல்லும் மொழியை அவர்களுக்குத் தருவது நம் கடமை.